எங்கம்மா மாட்டேன்னு சொல்லிருச்சு

உக்காருங்க தம்பி. மேனேஜர் அம்மா பத்தரைக்குத்தான் வருவாங்க. அவங்க வராம இங்க யாரும் எதுக்கும் பதில் சொல்ல மாட்டாங்க. இந்தப் பக்கம் வாங்க, அங்க வெயில் ஏறிரும்.

யாரைச் சேக்கணும், அம்மாவையா? கையில இருக்கற ஃபாரத்தைப் பாத்துத்தான் கேட்டேன். இன்னும் ஒண்ணுமே எழுதலை போலயே. நானும் அப்படித்தான். பேரு எழுதற எடத்துலயே அரைமணி நேரம் உக்காந்திருந்தேன். எங்கப்பா பேரை எத்தனை ஃபாரத்துல எழுதியிருப்பேன்! எல்லாம் தகப்பனார் பெயர்ங்கற எடத்துல. சேர்க்கப்படுபவர் பெயர்ங்கற எடத்துல எழுதக் கை வரல.

என் பேரு தனுஷ்கோடி. விருதுநகர். மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டர். எங்கப்பா இந்த முதியோர் இல்லத்துலதான் இருக்காரு, நாலாவது ரூம். எட்டு மாசமாச்சு.

உங்க அப்பா இருக்காரா? இல்லையா... சரி. கோவிச்சுக்காதீங்க, உங்க பாடு லேசு தம்பி. ஒருத்தர் போயி ஒருத்தர் இருந்தா பிள்ளைகதான் பாக்கணும், வேற வழியில்ல. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என் கதை அப்படியில்ல. எனக்கு அப்பாவும் இருக்காரு, அம்மாவும் இருக்கு. அம்மாவுக்குக் கை காலு நல்லாருக்கு, கண்ணு நல்லாருக்கு, தனியா பஸ் ஏறிப் போகும் வரும். அப்படி ஒரு பொண்டாட்டி இருக்கும்போது எங்கப்பா இங்க கிடக்காரு. அதுதான் எனக்கு ஆறல.

எங்கப்பா சாதாரண ஆளில்ல. கவர்மெண்டு பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டர். சுப்புராஜ் இன்ஸ்பெக்டர்னா சாத்தூர், கோவில்பட்டி ரூட்டுல நடுங்காத கண்டக்டர் கிடையாது. நடு ரோட்டுல கையைக் காட்டி வண்டியை நிறுத்துவாரு. முன் வாசல்ல ஏறினாருன்னா பின் வாசல்ல இறங்கறதுக்குள்ள அத்தனை பேரு டிக்கெட்டையும் பாத்திருவாரு. வீட்டுலயும் அப்படித்தான். சோறு இந்நேரம்னா இந்நேரம். செருப்பு இங்கன்னா இங்க. கோபம் வந்தா வாய் பேசாது, கை பேசும். என்னை அடிச்சிருக்காரு, என் தங்கச்சி வாசுகியை அடிச்சிருக்காரு. எங்கம்மாவையும்தான். எந்த வீட்டுல இல்ல, சொல்லுங்க. அந்தக் காலத்து ஆம்பளைங்க அப்படி. ஆனா எங்களைப் படிக்க வச்சாரு, தங்கச்சியைத் திருப்பூர்ல நல்ல எடத்துல கட்டிக் குடுத்தாரு. ஒரு குறை வைக்கல.

எழுபத்தி நாலு வயசுல ஆரம்பிச்சது. மொதல்ல சாவியை மறந்தாரு, பெறகு தெருவை மறந்தாரு. ஒருநாள் பால்காரர்கிட்ட, "டிக்கெட்டை எடு"ன்னு கேட்டிருக்காரு. விளையாட்டுன்னு நினைச்சு அவரு சிரிச்சிருக்காரு. எங்கப்பா அவரு சட்டையைப் பிடிச்சுட்டாரு. மதுரையில பெரிய டாக்டர்ட்ட காட்டினோம். மறதி நோய், இனி கூடத்தான் செய்யும், குறையாது, கூட ஒரு ஆள் இருந்துக்கிட்டே இருக்கணும்னுட்டாரு.

கூட ஒரு ஆள்தான் இருக்கேன்னு நாங்க நிம்மதியா வந்துட்டோம். பொய் சொல்லலை தம்பி, எனக்கு அன்னைக்கு ஒரு கவலையும் இல்ல. எங்கம்மா இருக்கு, பாத்துக்கும். சீனியம்மான்னு பேரு. பேருதான் சீனி, வேலையில இரும்பு. மூணு வருஷம் சாத்தூர்ல தனியாத்தான் பாத்துச்சு. நான் மாசாமாசம் ரெண்டாம் சனிக்கிழமை தவறாமப் போவேன். எங்கப்பா குளிச்சு, சவரம் பண்ணி, நெத்தியில விபூதி வச்சு, மாப்பிள்ளை மாதிரி நாற்காலியில உக்காந்திருப்பாரு. ஆப்பிள் வாங்கிட்டுப் போவேன். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிருவேன். தங்குனதில்ல, ட்யூட்டி அப்படி. காத்தடிச்சாக் கரண்டு கம்பி அறுந்திருச்சுன்னு ஃபோன் வரும்.

நடுவுல ஃபோன் பண்ணுவேன். "எப்படிம்மா இருக்காரு?"

"இருக்காரு."

அவ்வளவுதான் சொல்லும். ஒரு குறை, ஒரு அலுப்பு, ஒரு முனகல் கிடையாது. குறை சொல்லியிருந்தா நான் ஏதாச்சும் பண்ணியிருக்க மாட்டேனா?

போன வருஷம் பொங்கலுக்குக் குடும்பத்தோட போயிருந்தோம். தங்கச்சியும் வந்திருந்தா. கரும்பெல்லாம் கடிச்சு, சாப்பாடு முடிஞ்சு, மத்தியானம். எங்கப்பா கட்டில்ல உக்காந்து ஜன்னல் கம்பியை எண்ணிக்கிட்டிருந்தாரு. எங்கம்மா என்னையும் வாசுகியையும் அடுப்படிக்குக் கூப்பிட்டுச்சு. ஈரக் கையைச் சேலையில தொடச்சுக்கிட்டே, "அப்பாவை இனி நீங்க பாத்துக்கங்க"ன்னுச்சு.

பொங்கல் வேலை, அலுப்புல பேசுதுன்னு நினைச்சேன். "என்னம்மா, உடம்புக்கு முடியலையா? டாக்டர்ட்ட போவமா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"பெறகு என்ன முடியல?"

"முடியலைன்னு நான் சொல்லலையே. மாட்டேன்னு சொல்றேன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. பெத்த தாய் வாயில இருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல தம்பி. இந்தா வர்றேன், இந்தா செய்றேன், இந்தா எடுத்துட்டு வர்றேன், இதுதான் கேட்டிருக்கேன். வாசுகி அழ ஆரம்பிச்சுட்டா. "ஐம்பத்தொரு வருஷம் வாழ்ந்த புருஷன்மா"ன்னா.

"எத்தனை வருஷம்னு எனக்குத் தெரியாதா? எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஊரு என்னம்மா சொல்லும்?"

"ஊரு வந்து ஒரு வாரம் பாத்துக்கட்டும்."

நான் கத்தினேன். கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு கேட்டேன். எங்கம்மா உள்ள போயி ஒரு பையை எடுத்துட்டு வந்து என் முன்னால வச்சுச்சு. வேட்டி, பனியன், துண்டு, மாத்திரை, எல்லாம் மடிச்சு வச்சிருந்துச்சு. மேல ஒரு தாள். நாலாப்பு படிச்ச கையெழுத்துல ரெண்டு பக்கம் எழுதியிருந்துச்சு. எந்த மாத்திரை எப்ப, என்ன குடுத்தா வயித்துக்கு ஆகாது, எல்லாம். எப்ப எழுதுச்சோ. அன்னைக்கு முடிவு பண்ணலை பாருங்க. அதுக்கு முன்னாடியே பண்ணிருச்சு. பொங்கல் வரட்டும், பிள்ளைக சாப்பிடட்டும்னு காத்துக்கிட்டிருந்திருக்கு.

சாயங்காலமே கார் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். கோபம். "பாரு, நான் பாத்துக் காட்டறேன்"னு சொல்லிட்டுத்தான் வந்தேன். எங்கம்மா வாசல்ல நின்னுச்சு. எங்கப்பா கார் கண்ணாடி வழியா அதைப் பாத்துட்டு, "அந்தம்மா ஏறலையா?"ன்னாரு. "இல்லப்பா"ன்னேன். "ரைட்"ன்னாரு.

மூணு மாசம் தம்பி. மூணே மாசம்.

மொத வாரம் நல்லாத்தான் போச்சு. என் பொண்டாட்டி ரேணுகா அடுப்படிக்குள்ள போகும்போதெல்லாம் வாசல்ல நின்னு, "டிக்கெட்டை எடும்மா"ம்பாரு. என் மக அபிநயா பன்னெண்டாப்பு. அது நோட்டுல தாளைக் கிழிச்சு, சாத்தூர் டூ விருதுநகர்னு எழுதி, வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு குடுத்துச்சு. எங்கப்பா வாங்கிப் பாத்து, ஓரத்தைக் கிழிச்சுத் திருப்பிக் குடுப்பாரு. நாங்க சிரிச்சோம். இதுக்குப் போயி எங்கம்மா மாட்டேன்னுச்சான்னு எனக்குத் தோணுச்சு.

பெறகுதான் தெரிஞ்சுது. குளிக்க வைக்கணும்ல? ரேணுகா கைபடக் கூடாதும்பாரு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு செம்புத் தண்ணி தலையில ஊத்தினேன், அலறுனாரு பாருங்க, பக்கத்து வீட்டுல இருந்து ஆள் வந்துட்டாங்க. செவுத்தோட ஒட்டிக்கிட்டு நடுங்குறாரு. நான் பயந்த ஆளு தம்பி அவரு. அவரு செருமினா நான் எந்திரிச்சு நிப்பேன். அவரு என் முன்னால அம்மணமா நின்னு, "அடிக்காதீங்க, அடிக்காதீங்க"ங்கறாரு. நான் செம்பைக் கீழ வச்சுட்டு அந்த ஈரத்துலயே உக்காந்துட்டேன். பெறகு அந்தத் தாளை எடுத்துப் பாத்தா, எழுதியிருக்கு: மொதல்ல காலுக்கு ஊத்தணும், பெறகு முழங்காலுக்கு, பேச்சுக் குடுத்துக்கிட்டே மேல வரணும், தலைக்குக் கடைசி.

ஆள் வச்சோம். பத்து நாள்ல சொல்லாம கொள்ளாமப் போயிட்டாரு. தங்கச்சி ஒரு மாசம் வச்சுக்கறேன்னு திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போனா. பதினோராம் நாள் மாப்பிள்ளை கார்ல கொண்டாந்து விட்டுட்டு, ஒரு காப்பி குடிச்சுட்டுக் கிளம்பிட்டாரு. அவருகூட அவங்க அப்பா அம்மா ரெண்டு பேரு இருக்காங்க, யாரைக் குறை சொல்ல?

ரெண்டு தடவை வீட்டை விட்டுப் போயிட்டாரு. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டுல கண்டுபிடிச்சோம். மதுரை வண்டியில ஏறி டிக்கெட் கேட்டுக்கிட்டிருக்காரு. நல்ல வேளை, கண்டக்டர் வயசான ஆளு, அடையாளம் தெரிஞ்சு உக்கார வச்சிருந்தாரு. "பெரியவரை இப்படி விடலாமா சார்"ன்னாரு என்னைப் பாத்து.

அதுக்கப்புறம் வாசக்கதவைப் பூட்டியே வச்சிருந்தோம். ஒரு நாள் காலையில, நான் ட்யூட்டிக்குக் கிளம்பிட்டிருக்கேன். கதவைத் திறன்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்தாரு. ரேணுகா, "மாமா, சாப்பிட்டுட்டுப் போகலாம், வாங்க"ன்னு தோளைத் தொட்டா. ஓங்கி ஒரு அறை. அவ அப்படியே ஃபிரிட்ஜ் மேல சாஞ்சுட்டா. மக பாத்துக்கிட்டு நிக்குது. அது கையில புத்தகம், அன்னைக்குப் பரீட்சை.

நான் ரேணுகாவைச் சமாதானப்படுத்தினேன். "நோயாளி, தெரியாம அடிச்சுட்டாரு, மனசுல வச்சுக்காத"ன்னேன். அவ கன்னத்துல ஐஸ் வச்சுக்கிட்டே, "ஏங்க, நோய் வந்து நாலு வருஷம்தான ஆச்சு?"ன்னா.

"ஆமா."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி என்ன?"

அவ ஐஸைக் கீழ வச்சுட்டு, "நாளைக்கு உங்களுக்கு இப்படி வந்தா நானும் அத்தை மாதிரிதான், இப்பவே சொல்லிட்டேன்"ன்னா. வேடிக்கையாச் சொன்னான்னு வச்சுக்கங்க. நான் அவளை ஒரு தடவைகூடத் தொட்டதில்ல தம்பி. கத்துவேன், அது வேற.

அந்த வாரம் சாத்தூருக்குப் போனேன். லீவு போட்டுட்டுப் போனேன். எங்கம்மா கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்திரணும், இல்ல அப்பாவைத் திருப்பி விட்டுரணும். ரெண்டுல ஒண்ணு.

பன்னெண்டு மணி இருக்கும். வாசல்ல நிக்கும்போதே கருவாட்டுக் கொழம்பு வாசம். எங்கப்பாவுக்கு அந்த வாசமே ஆகாது. அதனால எங்க வீட்டுல அது வச்சதே இல்ல. கருவாடு எங்கம்மாவுக்குப் பிடிக்கும்ங்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். உள்ள போனா எங்கப்பா கட்டில்ல எங்கம்மா படுத்துக்கிட்டு, ரேடியோ கேக்குது. மத்தியானத்துல எங்கம்மா படுத்து நான் பாத்ததில்ல. உடம்பு நல்லாயிருந்துச்சு, கன்னமெல்லாம் தெளிஞ்சு. எனக்கு எரிஞ்சுச்சு தம்பி. அங்க நான் தவிச்சுக்கிட்டிருக்கேன், இங்க இது தெளிஞ்சு போயி உக்காந்திருக்கு.

ஆனா சோத்தைப் போட்டு வச்சுச்சு, ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிரணும்.

சாப்பிட்டுட்டு அழுதேன். வெக்கத்தை விட்டு அழுதேன். ரேணுகாவை அடிச்சதைச் சொன்னேன், மக சரியா பரீட்சை எழுதலைன்னு சொன்னேன். எங்கம்மா என் தலையைத் தடவிக்கிட்டே கேட்டுச்சு. ரேணுகாவுக்குப் பல்லு கில்லு ஆடுதான்னு கேட்டுச்சு. எந்தப் பக்கம் அடிச்சாருன்னு கேட்டுச்சு. எல்லாங் கேட்டுட்டு, "நீ அழுறது எனக்குத் தாங்கலைய்யா. ஆனா மாட்டேன்"ன்னுச்சு.

"அப்ப நான் என்னதாம்மா செய்ய? ரோட்டுலயா விட?"

"நல்ல எடமாப் பாரு. நானும் வந்து பாக்கறேன்."

அப்படித்தான் இந்த மாதிரி எடங்களைத் தேட ஆரம்பிச்சோம். மூணு எடம் பாத்தோம். மொத எடத்துல ஒரு பெரியவரைக் கட்டில் காலோட துண்டு போட்டுக் கட்டியிருந்தாங்க. எங்கம்மா அங்க தண்ணிகூட வாங்கிக் குடிக்கலை. ரெண்டாவது எடத்துல எல்லாம் பளபளன்னு இருந்துச்சு, எனக்குப் பிடிச்சிருந்துச்சு. எங்கம்மா கக்கூஸைப் போயிப் பாத்துட்டு வேணாம்னுருச்சு. மூணாவது இது.

இங்க எபனேசர்னு ஒரு ஆளு இருக்காரு, எங்கப்பா ரூமைப் பாத்துக்கறவரு. எங்கம்மா அவரை நிறுத்தி வச்சுக் கேள்வி கேட்டுச்சு. எப்படிக் குளிக்க வைப்பீங்க? சோத்தைத் துப்பினா என்ன செய்வீங்க? கடைசியில, "அடிப்பீங்களா?"ன்னுச்சு. எனக்குக் கூசிப்போச்சு. மேனேஜர் அம்மா முன்னாலயே கேக்குது.

"அடிக்க மாட்டோம்மா."

"அவரு அடிச்சா?"

அவரு சிரிச்சாரு. "அடிப்பாங்கதாம்மா. ரெண்டு பேரா நின்னு பிடிச்சுக்குவோம். கோபம் வரத்தான் செய்யும். ஆனா எட்டு மணி நேரந்தான? ஷிப்டு முடிஞ்சா வீட்டுக்குப் போயிருவோம்ல."

எங்கம்மா அவரை ரொம்ப நேரம் பாத்துச்சு. "அது போதும்"ன்னுச்சு. என்கிட்ட திரும்பி, "இங்கயே சேத்துரு"ன்னுச்சு.

சேத்த அன்னைக்கு எங்கம்மா வரலை. நான்தான் தனியாக் கூட்டிட்டு வந்தேன். உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல, நீங்களே பாக்கத்தான் போறீங்க. பையை உள்ள வச்சாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு, கிளம்பறேன். என் சட்டைப் பையைப் பிடிச்சுக்கிட்டாரு. "வண்டியை நிறுத்தச் சொல்லுப்பா, என் செக்கிங் முடிஞ்சிருச்சு, நான் இறங்கணும்"ங்கறாரு. எபனேசர் ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டாரு. தையல் விட்டுப்போயி, பை ஒரு பக்கமாத் தொங்குது. அந்தச் சட்டையோட பஸ்ல விருதுநகர் போனேன். யாரு என்னைப் பாத்தாங்க, பாக்கலை, எதுவும் தெரியாது.

ரெண்டு மாசத்துல எங்கப்பா மாறிட்டாரு. மருந்தா, எடமா, நோயே அடுத்த கட்டத்துக்குப் போயிருச்சா, தெரியலை. சாந்தமாயிட்டாரு. குழந்தை மாதிரி. குடுத்ததைச் சாப்பிடுவாரு. அதுக்கப்புறந்தான் எங்கம்மா வர ஆரம்பிச்சுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை விட்டு ஒரு ஞாயித்துக்கிழமை, சாத்தூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி, தூக்குவாளியில சாப்பாட்டோட.

மொத தடவை வந்தப்ப நானும் கூட இருந்தேன். எங்கப்பா நிமிர்ந்து பாத்து, "டிக்கெட்?"ன்னாரு. எங்கம்மா மடியில இருந்து அன்னைக்கு வந்த பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டுச்சு. நிஜ டிக்கெட்டு. அவரு கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போயிப் பாத்தாரு. "சரியா இருக்கு. உக்காருங்கம்மா"ன்னாரு.

உக்காருங்கம்மாவாம். எங்கம்மாவை 'ஏய்'ன்னு தவிர அவரு கூப்பிட்டு நாங்க கேட்டதில்ல.

எங்கம்மா உக்காந்து ஊட்டிவிட்டுச்சு. புளியோதரை. "நல்லாருக்கும்மா. எந்த ஊரு உங்களுக்கு?"ன்னாரு. "சாத்தூர்"னுச்சு. "அந்த ரூட்டு எனக்கு நல்லாத் தெரியும். வீட்டுக்காரரு என்ன பண்றாரு?"ன்னாரு. எங்கம்மா கொஞ்சம் யோசிச்சு, "வெளியூர்ல இருக்காரு"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சுச்சு. எங்கப்பாகிட்ட பேசும்போது எங்கம்மா சிரிச்சதா எனக்கு நினைவே இல்ல தம்பி. எனக்கு என்னமோ போல ஆயிருச்சு. கட்டுன புருஷன் எந்த ஊருங்கறாரு, இது சிரிக்குது.

போன மாசந்தான் எனக்குத் தோணுச்சு. அவருதான் சாந்தமாயிட்டாரே, அடிக்கிறதில்ல, கத்தறதில்ல. எங்கம்மாவும் சந்தோசமா வந்து ஊட்டிவிட்டுப் போகுது. பெறகு எதுக்கு இவரு இங்க இருக்கணும்? வெளிய அந்த பஸ் ஸ்டாப் இருக்குல்ல, அங்க வச்சுக் கேட்டேன். "இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும்மா. இனிமே உன்னை அடிக்க மாட்டாரு."

"அவரு அடிக்கறதுக்குப் பயந்தா நான் மாட்டேன்னு சொன்னேன்?"

"பெறகு?"

எங்கம்மா ரோட்டைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு. "பொங்கலுக்கு முந்தின கார்த்திகையில, ஒரு நாள் கஞ்சியைத் தட்டிவிட்டாரு. கையெல்லாம் கொப்புளம். நான் அவரை அடிச்சேன்டா."

"சும்மா தட்டியிருப்ப."

"தட்டலை. அடிச்சேன். கரண்டியால. அவரு ரெண்டு கையையும் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டாரு. நான் மறைச்சுக்குவேன்ல, அதே மாதிரி." ஒரு லாரி போச்சு. "எனக்கு நல்லாருந்துச்சு தனுசு. மறுநாளும் அடிச்சேன். அன்னைக்கு அவரு ஒண்ணுமே செய்யலை, சும்மாதான் உக்காந்திருந்தாரு. மூணாவது நாள் காலையில, இன்னைக்கு எப்ப அடிக்கலாம்னு நினைச்சுக்கிட்டே எந்திரிச்சேன். அன்னைக்குத்தான் அந்தத் தாளை எழுத உக்காந்தேன்."

இதைப் பெத்த மகன்கிட்ட சொல்லுது தம்பி. ஒரு நோயாளியை, தான் யாருன்னே தெரியாத மனுஷனைக் கரண்டியால அடிச்சேன்னு. அதுலயும் நல்லாருந்துச்சுன்னு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். பஸ்ஸு ஏத்திவிடக்கூட நிக்கலை. அன்னையில இருந்து எங்கம்மாகிட்ட பேசறதில்ல.

வீட்டுல வந்து ரேணுகாகிட்ட சொன்னேன். அவ முழுசாக் கேட்டா. பெறகு ஃபோனை எடுத்தா. எங்கம்மாவுக்குத்தான் போட்டா. சண்டை போடப் போறான்னு பாத்தா, "வீட்டுக்கு வந்துட்டீங்களா அத்தை? சாப்பிட்டீங்களா?"ங்கறா. நான் என்னத்தைச் சொன்னேன், இவ என்னத்தைக் கேக்கறா பாருங்க.

நான் சொல்றதுல என்ன தப்பு? எங்கப்பா அடிச்சாருன்னா, புத்தி சுவாதீனத்துல இருக்கும்போது அடிச்சாரு. எதிர்ல இருக்கறது யாருன்னு தெரிஞ்சு அடிச்சாரு. எங்கம்மா, புத்தி இல்லாத ஆளை...

விடுங்க. சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி வருது. வீட்டுல நினைக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு.

இன்னைக்கும் எங்கம்மா உள்ளதான் இருக்கு. ஒரு சமயத்துல ஒருத்தரைத்தான் உள்ள விடுவாங்க. அது வரட்டும்னுதான் உக்காந்திருக்கேன். அது வந்ததும் நான் போவேன். எங்கப்பா என்னைப் பாத்து டிக்கெட் கேப்பாரு, நான் குடுக்கணும். இப்பல்லாம் நான் என் வண்டியிலதான் வர்றேன், பஸ்ல வர்றதில்ல. எதையாவது ஒரு தாளைக் குடுத்தா வாங்க மாட்டேங்கறாரு இப்ப. நிக்க வச்சுப் பாத்துக்கிட்டே இருக்காரு. அவரைக் கூட்டிட்டுப் போகவும் என்னால முடியலை, இங்க விட்டுட்டுப் போகவும் முடியலை. எங்கம்மாவை மன்னிக்கவும் தெரியலை. மன்னிக்கறதுக்கு நான் யாருன்னும் சில நேரம் தோணுது.

அந்தா வருது பாருங்க, பச்சைச் சேலை. அதுதான் எங்கம்மா. என்னைப் பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் போகுது பாருங்க.

ஒண்ணு செய்ங்க தம்பி. உங்க அம்மாவை இங்க சேக்கலாமா வேணாமான்னு அதுகிட்ட கேளுங்க. எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கு, என்னைவிட அதுக்குத்தான் தெரியும். வலது பக்கமா நின்னு பேசுங்க. இடது காது கேக்காது அதுக்கு. நான் ஏழாப்பு படிக்கும்போது போயிருச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், காதுல பஞ்சை வச்சு அமுக்கிக்கிட்டு அடுப்படியில உக்காந்திருந்துச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, தோசை ஊத்தவான்னு கேட்டுச்சு. ஊத்தும்மான்னேன்.

காதுல என்னன்னு நான் கேக்கலை தம்பி. இன்னைக்கு வரைக்கும் கேக்கலை.